கரடிக்கும் ஒரு குன்று வேண்டும்

(உலகத் தேன்கரடி நாளான அக்டோபர் 12 அன்று கோத்தகிரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தோட்டத் தொழிலாளர்களாகிய தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

விடிந்தும் விடியாத பொழுதில் தேயிலைக் காட்டுக்குள் இறங்கும் உங்களில் பலர், என்னைவிட மிக அருகில் தேன்கரடியைக் கண்டிருப்பீர்கள். அதனால் கரடி எப்படி இருக்கும் என்று சொல்வதற்காக நான் இங்கு வரவில்லை. அது எதைத் தின்று, எங்கே படுத்து, எதற்கு அஞ்சி வாழும் விலங்கு என்பதைச் சொல்லி, அதன் வாழ்விடத்திலிருந்து அதை நாம் எப்படி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கரடிக்குத் தமிழில் எண்கு என்றும் உளியம் என்றும் பழைய பெயர்கள் உண்டு. நள்ளிரவில் செம்மண் புற்றைத் தோண்டிக் கரையானுக்காக அலைகிற எண்கையும், உதிர்ந்த இலுப்பைப் பூவைத் தின்னக் கூட்டமாக வருகிற எண்கையும் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். இன்றைய ஆய்வாளர்கள் எச்சத்தைப் பிரித்துப் பார்த்து எழுதிவைக்கும் உணவுப் பட்டியலிலும் கரையான், எறும்பு, தேன், இலுப்பைப் பூ, இலந்தை, நாவல், அத்தி, கொன்றைக்காய் என்று அதே காடுதான் தெரிகிறது. ஐரோப்பியர் இந்த விலங்கை அறிந்த விதம் வேறு. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், நீண்ட வளைந்த நகங்களையும் மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு இல்லாததையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்ற விலங்கின் இனத்தோடு இதைச் சேர்த்துவிட்டார். அந்தப் பிழை பின்னர் திருத்தப்பட்டது என்றாலும், சோம்பேறி என்று பொருள்படும் அந்தப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் இந்தச் சுறுசுறுப்பான விலங்கின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டு பற்கள் இல்லாமல் போனதில்தான் இதன் பிழைப்பே இருக்கிறது. மழை விட்டிருந்த ஒரு காலையில், சோலையை ஒட்டிய சரிவில், சற்று முன்புதான் உடைக்கப்பட்டிருந்த ஒரு புற்றை நான் பார்த்தேன். ஈரமண்ணில் ஐந்து நகங்களும் தனித்தனிக் கோடுகளாக ஒரு முழ ஆழம்வரை இறங்கியிருந்தன. பக்கத்துப் புல்லின்மேல் பொடிமண் விசிறியடித்ததுபோல் படிந்திருந்தது. குழிக்குள்ளே குரும்பி எனப்படும் கரையான் கூடு துண்டுதுண்டாகக் கிடக்க, தப்பிய கரையான்கள் அதற்குள்ளாகவே வாசலை அடைக்கத் தொடங்கியிருந்தன. புற்றைப் பிளந்ததும் கரடி முதலில் மூச்சை ஊதித் தூசியைப் போக்குகிறது. பிறகு மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழாய்போல் நீட்டி, பல் இல்லாத அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சுகிறது. அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அப்படி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதன் காதில் வேறெதுவும் விழுவதில்லை. கரடியால் காயம்பட்டவர்களின் கதைகளில் பலவற்றுக்கு இந்த ஒரு செய்தியே விளக்கம் தருகிறது.

கரடி வெறிபிடித்த விலங்கு என்று ஊரில் சொல்கிறோம். வேண்டுமென்று மனிதனைத் தேடிவந்து தாக்கும் விலங்கன்று அது. புலியும் சிறுத்தையும் உலவும் காட்டிலேயே காலங்காலமாக வாழ்ந்து வந்ததால், திடீரென்று பத்தடிக்குள் எதையாவது கண்டால் ஓடுவதைவிட எதிர்த்து நிற்பதே உயிர்பிழைக்கும் வழி என்று அதன் உடம்பு கற்றிருக்கிறது. குட்டியோடு இருக்கும் தாயிடம் இந்தக் குணம் இரட்டிப்பாகும். குளிர்காலத்தில் பாறைக்குகையில் ஒன்றோ இரண்டோ குட்டி ஈன்று, இரண்டு மூன்று மாதம் உள்ளேயே காத்து, பிறகு அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு அது வெளியே வருகிறது. தோளருகே நீண்டிருக்கும் முடியைப் பற்றியபடி குட்டிகள் சவாரி செய்யும். குட்டிகளை வழக்கமாக முதுகில் சுமந்து திரியும் கரடியினம் இது ஒன்றுதான். மனிதர் பக்கத்து இழப்பும் சிறிதன்று. மத்திய இந்தியாவில் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் மட்டும், 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை 137 தாக்குதல்கள் நடந்து, 11 பேர் உயிரிழந்தார்கள். இலுப்பைப் பூவும் பீடி இலையும் பொறுக்க இருட்டோடு காட்டுக்குப் போகும் ஏழைகளே அங்கு பெரும்பாலும் கரடியின் எதிரில் அகப்படுகிறார்கள். காலத்துக்கும் முகச் சிதைவோடு வாழ்கிற ஒருவரிடம் போய்க் கரடியின் நியாயத்தைப் பேசுமுன், அவருக்குரிய சிகிச்சையும் இழப்பீடும் தாமதமின்றிப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

என் வயதுடையவர்களுக்கு, தெருவில் கரடி வந்த காலம் நினைவிருக்கும். மூக்கில் கயிறு கோத்த கரடியை ஒருவர் நடத்தி வருவார்; பயந்த பிள்ளையை அதன் முதுகில் உட்காரவைத்து இறக்குவார்கள்; கரடி முடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். எனக்கும் கட்டியிருந்தார்கள். அந்தக் கரடி எப்படி அங்கே வந்தது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். தாயைக் கொன்றால்தான் குட்டியை எடுக்க முடியும். எடுத்த குட்டியின் மூக்கைக் காய்ச்சிய ஊசியால் துளைத்து, பற்களைத் தட்டி உடைத்து, மூக்குப் புண்ணில் கயிறு கோத்தார்கள். கயிற்றை இழுக்கும்போது வலி தாளாமல் குட்டி பின்னங்காலில் எழுந்து நின்றதைத்தான் நாம் ஆட்டம் என்று பார்த்தோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுத்த பிறகும், வட இந்தியச் சாலைகளில் இது பல ஆண்டுகள் தொடர்ந்தது. தலைமுறை தலைமுறையாக இத்தொழிலை நம்பியிருந்த கலந்தர் சமூகத்தாருக்கு மாற்றுத் தொழிலும் பிள்ளைகளுக்குப் படிப்பும் ஏற்பாடு செய்து, வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்ற அமைப்பு 600-க்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டது. கடைசி ஆட்டக்கரடி 2009-இல் கயிற்றிலிருந்து விடுபட்டது. சட்டம் மட்டும் வந்து முப்பதாண்டுகளில் நிற்காதது, அந்த மனிதர்களின் வயிற்றுப்பாட்டுக்கு வழி செய்த பின் நின்றது என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

கயிறு போய்விட்டது, நிலம் போய்க்கொண்டிருக்கிறது. உலகிலுள்ள தேன்கரடிகள் 20,000-க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பங்கு இந்தியாவில்தான் இருக்கிறது. இலங்கையில் தனிக் கிளையினம் ஒன்று, ஆயிரத்தை எட்டாத எண்ணிக்கையில், வில்பத்து, யால போன்ற உலர்காடுகளில் பாலைப்பழம் பழுக்கும் பருவத்தை எதிர்பார்த்து வாழ்கிறது. வங்கதேசத்தில் தேன்கரடியே அற்றுப் போய்விட்டது. இந்தியாவிலும் கரடிகளில் கணிசமானவை புலிகள் காப்பகங்களுக்கு வெளியே, யாரும் காடு என்று மதிக்காத முட்புதர்க் குன்றுகளிலும் பாறை அடுக்குகளிலும் வாழ்கின்றன. பகலெல்லாம் பாறையிடுக்கில் படுத்து, பொழுது சாய்ந்ததும் வயலோரம் இறங்குவது அவற்றின் வழக்கம். கர்நாடகத்தில், ஹம்பிக்கு அருகில், 1994-இல் அறிவிக்கப்பட்ட தரோஜி சரணாலயம் அத்தகைய பாறைக்குன்றுகளைக் கரடிக்கென்றே காத்து வைத்திருக்கிறது. அதே நிலப்பரப்பின் மற்றக் குன்றுகளை வருவாய்ப் பதிவேடு தரிசு என்கிறது. கல்குவாரிக்காரர் கண்ணுக்கு அது கிரானைட். ஒரு குன்றுக்கு வெடி வைக்கும்போது, குட்டி ஈனுவதற்கான குகையும், நீர் கசியும் பள்ளமும், அடிவாரத்துப் புற்றுகளும் ஒன்றாகப் போகின்றன. காட்டில் மரம் வெட்டினால் கேட்பதற்கு ஆளிருக்கிறது. குன்றைப் பெயர்த்தெடுத்தால் கேட்பதற்கு எவருமில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும், தீனிக்குள் வெடிமருந்து மறைத்த அவுட்டுக்காயும் சுருக்குக் கம்பியும் இந்த எல்லையோரங்களில்தான் கரடியின் வாயையும் காலையும் பதம் பார்க்கின்றன.

ஆசியாவின் மற்றக் கரடிகளின் நிலையையும் சற்றே சொல்ல வேண்டும். தென்கிழக்காசியாவின் சூரியக் கரடி, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக அழிக்கப்படும் மழைக்காடுகளோடும், காட்டில் வலைபோலப் பரவிக் கிடக்கும் கம்பிச் சுருக்குகளோடும் போராடுகிறது. நெஞ்சில் பிறைபோன்ற குறியுடைய ஆசியக் கருங்கரடியைச் சீனா, வியட்நாம் முதலிய நாடுகளில் கூண்டுக்குள் அடைத்து, உயிரோடு பித்தநீர் எடுத்தார்கள். சீனாவில் இது இன்றும் சட்டப்படியே நடக்கிறது. அந்தப் பித்தநீரில் உள்ள மருந்துப் பொருளைப் பல பத்தாண்டுகளாகக் கரடியில்லாமலே ஆலையில் தயாரிக்கிறார்கள். நம் மருந்துக்கடைகளிலும் அது மாத்திரையாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் காட்டுக் கரடியின் பித்தப்பைக்கு விலை இருப்பதனால், நம் தேன்கரடியும் வேட்டையாடப்படுகிறது. மாற்றமும் வராமலில்லை. 2005-இல் வியட்நாமில் 4,000-க்கும் மேற்பட்ட கரடிகள் பண்ணைகளில் இருந்தன. இன்று அவற்றில் மிகச் சிறு பங்கே எஞ்சியிருக்கிறது. தென்கொரியா 2026 முதல் இத்தொழிலைத் தடை செய்யச் சட்டம் இயற்றியிருக்கிறது.

மீண்டும் நம் மலைக்கு வருகிறேன். இங்கே கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடிக்கிறது. கடைக்குள் புகுந்து சர்க்கரை மூட்டையைக் கிழிக்கிறது. ஒரு நாள் முழுவதும் புற்றுப் புற்றாகத் தோண்டி அடையும் கொழுப்பு, ஒரு டின் எண்ணெயில் ஒரே இரவில் கிடைத்துவிடும்போது, அது மறுநாளும் வராமல் எப்படி இருக்கும்? அதற்குப் பழக்கம் ஏற்பட்டபின் கூண்டு வை என்கிறோம். மயக்க ஊசி போடு என்கிறோம். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மூன்று பேரைக் கடுமையாகக் காயப்படுத்திய கரடி, மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டு, களக்காட்டு மலையில் விடப்பட்டபின் இறந்துபோனது. மனிதருக்கும் கொடுமை, விலங்குக்கும் கொடுமையாக முடிந்த நிகழ்ச்சி அது.

எனக்குத் தெரிந்த ஒரு மலைக்கிராமத்தில், இரண்டு முறை கதவுடைபட்ட அம்மன் கோயிலின் நிர்வாகத்தார் கூடிப் பேசினார்கள். எண்ணெயை இரவில் கோயிலில் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. பூசாரி மாலைப் பூசை முடிந்ததும் மீதி எண்ணெயைத் தூக்குவாளியில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப்போகிறார், விளக்குகளைத் துடைத்துக் கவிழ்த்துவிடுகிறார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் குப்பை கொட்டிய பள்ளத்தை மூடினார்கள். தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் இருமருங்கிலும் ஆளுயரத்துக்கு மண்டியிருந்த உண்ணிச்செடியை வெட்டி, இருபதடி தூரம் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்கள். பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். கரடி அந்த ஊர்ப்பக்கம் வருவதை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஊருக்கு மேலே உள்ள பாறைக்குன்றில் அது இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்; சென்ற கோடையில், முதுகில் இரண்டு குட்டிகளோடு அது பாறை முகட்டைக் கடந்ததை, கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்காமலே நின்று பார்த்திருக்கிறார்கள். அந்தக் குன்றைக் குவாரிக்குக் கொடுக்கக் கூடாது என்று கிராமசபையில் தீர்மானம் எழுதி, அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.