மேலே ஓர் அணு, கீழே ஓர் அணு

வணக்கம், நேயர்களே. உட்லண்ட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என் கண்முன் தினமும் ஓடும் சிலிக்கான் வேஃபர், அதாவது சிப் செய்யும் வட்டத் தகடு, 300 மில்லிமீட்டர் அகலம், முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் கனம். அதே சிலிக்கான் ஒரே ஓர் அணு கனத்தில் விரிந்திருந்தால் அதற்குச் சிலிசீன் என்று பெயர். அதைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்தது. இன்று வாய்த்திருக்கிறது.

கிராஃபீனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்பன் அணுக்கள் தேன்கூடு போலக் கோத்த ஒற்றைப் படலம். 2004-ல் அதை ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்தவர்களில் ஒருவரான நோவோசெலோவ், பிறகு நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். கிராஃபீனில் எலக்ட்ரான்கள் எடையே இல்லாததுபோல் பாய்கின்றன. ஆனால் அந்தப் பாய்ச்சலை நிறுத்த முடிவதில்லை. சிப்பில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி. மூடினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடியும் கொட்டிக்கொண்டிருந்தால்?

சிலிசீனிலும் எலக்ட்ரான்கள் அப்படித்தான் பாயும் என்கிறது கணக்கு. வித்தியாசம் வடிவத்தில் இருக்கிறது. சிலிக்கான் அணு கார்பனைவிடப் பெரியது. அணுக்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் பக்கவாட்டுப் பிணைப்பு தளர்ந்து, படலம் மட்டமாக இருக்க முடியாமல் நெளிகிறது. ஓர் அணு மேலே, அடுத்தது கீழே. இறக்கம் சுமார் 0.44 ஆங்ஸ்ட்ரம், ஒரு மில்லிமீட்டரை 2 கோடிக்கு மேல் கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

இந்த நெளிவைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். படலத்துக்குச் செங்குத்தாக மின்புலம் கொடுத்தால், மேலே உள்ள அணுவும் கீழே உள்ள அணுவும் வெவ்வேறு மின்னழுத்தத்தை உணர்கின்றன. அந்த வேறுபாடே ஓர் ஆற்றல் இடைவெளியை, அதாவது எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஓர் ஆற்றல் வரம்பை, திறந்துவிடுகிறது. குழாயை மூட உதவுவது இந்த இடைவெளிதான். புலத்தைக் கூட்டினால் இடைவெளியும் கூடும். மட்டமான ஒற்றைப் படலக் கிராஃபீனில் இது நடக்காது. எனக்கு இதில் தீராத வியப்பு.

சரி, செய்வது எப்படி? பிராட்டாவை ஏடு ஏடாக உரிக்கலாம். கல்கண்டை உரிக்க முடியுமா? கிராஃபைட் பிராட்டா, சிலிக்கான் கல்கண்டு. எல்லாத் திசையிலும் இறுகப் பிணைந்தது. அதனால் வெற்றிடத்தில், வெள்ளிப் படிகத்தின் மேல் சிலிக்கான் ஆவியைப் படியவிட்டு வளர்க்கிறார்கள். 2012-ல் இது கைகூடியது. ஆனால் அடியிலிருக்கும் வெள்ளி சும்மா இருப்பதில்லை. தன் எலக்ட்ரான்களைக் கலந்து சிலிசீனின் இயல்பைக் குலைத்துவிடுகிறது.

2015-ல் டெக்சஸ் ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். மேலே அலுமினியம் ஆக்சைடு பூசி மூடி, வெள்ளியோடு அப்படியே உரித்துக் கவிழ்த்து, வெள்ளியின் நடுப்பகுதியை மட்டும் அரித்தெடுத்தார்கள். மிஞ்சிய இரு ஓரங்களே சிலிசீன் டிரான்சிஸ்டரின் மின்முனைகளாயின. காற்று பட்ட சில நிமிடங்களில் சிலிசீன் கெட்டுப்போனது. அதற்குள் அளந்துவிட்டார்கள். எலக்ட்ரான்கள் ஓடும் எளிமை எங்கள் வேஃபரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முழுதாக மூடவும் இல்லை. ஆனால் அறை வெப்பத்திலேயே, கொடுத்த மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டம் சுமார் 10 மடங்கு கூடியது, குறைந்தது.