தண்ணீர் இருந்தும் வாடும் பயிர்

நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரியோ மிளகாயோ வெயில் நேரத்தில் தலை தொங்கினால், நம் கை முதலில் போவது மோட்டார் சுவிட்சுக்குத்தான். பயிர் வாடுகிறது, அப்போ தண்ணீர் போதவில்லை என்று மனசு உடனே முடிவுகட்டிவிடும். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் பயிர் வாடுவதும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த மாதிரி இடத்தில் விடுகிற தண்ணீர் கிணற்றை வற்றவைப்பதோடு நிற்பதில்லை, சில நேரம் பயிரையே கொன்றுவிடுகிறது.

செடி தண்ணீர் எடுப்பது எப்படி? இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகும்போது ஏற்படும் இழுப்பு, தண்டு வழியாக வேர் நுனி வரை எட்டுகிறது. வேர் எடுக்கிற நீரில் நூற்றுக்கு 97 பங்குக்கும் மேல் இப்படி ஆவியாகவே போய்விடும். மேலே செடி இழுக்க, கீழே மண்ணும் தன் பங்குக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. நனைத்த துண்டைப் பிழிந்து பாருங்கள். முதலில் சும்மா தூக்கினாலே சொட்டும். அப்புறம் முறுக்க வேண்டும். கடைசியில் என்ன முறுக்கினாலும் சொட்டு விழாது, ஆனால் துண்டில் ஈரம் இருக்கும். மண்ணும் அப்படித்தான். பெரிய துளைகளில் உள்ள நீர் ஓரிரு நாளில் தானாகக் கீழே வடிந்துவிடும். வடிந்தபின் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தை வயல் கொள்ளளவு என்கிறோம். அதிலிருந்து செடி எடுக்க எடுக்க, மிச்சமுள்ள நீரை மண் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 15 மடங்கு இழுத்தால்தான் நீர் வரும் என்ற நிலை வந்ததும், நம் பயிர்களில் பெரும்பாலானவை கைவிட்டுவிடும். அதுதான் நிரந்தர வாடல் நிலை. மதியம் வாடி மாலையில் நிமிர்கிற செடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மறுநாள் விடியற்காலையிலும் தலை தொங்கியே இருந்தால்தான் கவலை.

1912-இல் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பலவகைப் பயிர்களைப் பலவகை மண்ணில் வளர்த்து வாடவிட்டுப் பார்த்தார்கள். எந்த அளவு ஈரத்தில் செடி வாடுகிறது என்பது பயிருக்குப் பயிர் அவ்வளவாக மாறவில்லை, மண்ணுக்கு மண்தான் பெரிதாக மாறியது. பின்னால் வந்தவர்கள் இதைத் திருத்தியும் நுணுக்கியும் இருக்கிறார்கள். ஆனாலும் செடியைக் கேட்பதற்கு முன் மண்ணைக் கேள் என்ற அந்தப் பாடத்தை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல். இன்னொரு பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணல். கரிசல் களி நிரம்பிய மண். வாடல் நிலைக்கு வந்த பின்னும் அதன் கன அளவில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக்கூடும். கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும், செடிக்குப் பயன்படாது. தேரி மணலில் அந்த நிலையில் 5 பங்குகூட மிஞ்சாது. மணல் வைத்திருப்பது கொஞ்சம்தான், ஆனால் வைத்திருப்பதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. கோடையில் 10 மில்லிமீட்டர் தூறல் விழுந்தால், மணலில் அது 10 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கி வெயிலுக்குத் தப்பிவிடும். காய்ந்த களிமண்ணில் அதில் ஏறக்குறையப் பாதி ஆழத்தோடு நின்று, இரண்டு நாளில் ஆவியாகிவிடும். வெடிப்பு வழியாக இறங்குவது வேறு கதை. சிறு மழைக்கு மணலே மேல், பெருமழைக்குக் கரிசலே மேல். கரிசல் ஒருமுறை நிறைந்துவிட்டால், அந்த ஈரத்தைக்கொண்டே மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது உப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது. மண்நீரில் உப்பு கரைந்திருந்தால், மண்ணின் பிடிப்போடு உப்பின் பிடிப்பும் சேர்ந்துகொள்ளும். மண் பரிசோதனைத் தாளில் மின்கடத்தும் திறன் என்று ஒரு எண் இருக்கும். மண்ணை நீரால் நிறைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில் அது மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் நிலம் என்பார்கள். அந்த 4-லேயே, செடி கூடுதலாக ஒன்றரை வளிமண்டல அழுத்தம் அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். கடல் நீருக்கு இந்தப் பிடிப்பு 25 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகப்பட்டினம் கடற்கரை வயல்களுக்குள் ஏறியபோது, நீர் தளும்பி நின்ற வயலிலேயே பயிர் காய்ந்துபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உப்பின் நஞ்சு ஒரு பக்கம், குடிக்க முடியாத தண்ணீர் இன்னொரு பக்கம். அடுத்து வந்த பருவமழைதான் அந்த உப்பில் பெரும்பங்கைக் கழுவி இறக்கியது.

உவர் நிலத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஈரம் பாதியாகக் காய்ந்தால் மிச்ச நீரில் உப்பு இரண்டு மடங்காகிவிடும். அதனால் அங்கே நன்றாகக் காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சுவதைவிட, அடிக்கடி கொஞ்சமாக விடுவதே நல்லது. சொட்டுநீர் போட்டிருப்பவர்கள், சொட்டியைச் சுற்றி ஈரம் பரவிய வட்டத்தின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். மெல்லிய வெள்ளைப் படலம் தெரிகிறதா? விரலால் சுரண்டினால் மாவாக வரும். அது நீர் வெளியே தள்ளி ஒதுக்கிய உப்பு. சின்னத் தூறல் விழுந்தால் அந்த உப்பு கரைந்து வேர்ப்பகுதிக்கே திரும்பி வந்துவிடும். மழை பெய்கிறதே என்று சொட்டுநீரை நிறுத்துவது இங்கே ஆபத்து. அந்த நேரம் அதை ஓடவிடுங்கள். உப்பு வெளியிலேயே நிற்கும்.

உவர் வேறு, களர் வேறு. திருச்சிப் பக்கம் மணிகண்டம் வட்டாரத்தில் களர் நிலத்தைப் பார்க்கலாம். அங்கே சோடியம் மிகுந்து களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். மேலே தண்ணீர் நாட்கணக்கில் கலங்கலாக நிற்கும், ஒரு முழம் கீழே தோண்டினால் புழுதி. உவரில் நீர் இறங்கும், செடியால் இழுக்க முடியாது. களரில் நீரே இறங்காது. வைத்தியமும் வேறு வேறு. உவருக்கு வடிகால் எடுத்து நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். களருக்கு முதலில் ஜிப்சம், பிறகு கழுவுதல், அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல். எந்த வெள்ளை நிலத்தைப் பார்த்தாலும் ஜிப்சத்தைக் கொட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாதாரண உவர் நிலத்தில் அது காசுக்குக் கேடு. களருக்கு ஜிப்சம் போடாமல் வெறும் நல்ல தண்ணீரால் மட்டும் கழுவப்போனால் இறுக்கம் இன்னும் மோசமாகும். எது எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாசனத் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

தண்ணீர் அதிகமாகி வாடுவதைப் பலர் நம்பவே மாட்டார்கள். வேருக்கு மூச்சு வேண்டும். பிராணவாயு காற்றில் பரவுவதைவிட நீருக்குள் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். துளையெல்லாம் நீர் நிறைந்தால் வேர் திணறிப்போகும். வேர்ச் செல்களின் சுவரை ஒட்டிய சவ்வில், நீர் மட்டும் போகிற நுண்ணிய புரத வழிகள் இருக்கின்றன. அக்வாபோரின் என்று பெயர். இவற்றைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மூச்சு முட்டும்போது செல்லுக்குள் அமிலத்தன்மை கூடி இந்த வழிகள் மூடிக்கொள்கின்றன. நீரில் நின்றுகொண்டே தக்காளியும் மிளகாயும் தலை தொங்குவது இதனால்தான். நெல்லுக்குத் தண்டிலிருந்து வேர் வரை காற்று போகிற குழல் இருப்பதால் அது தப்பிக்கிறது. மழை விட்டதும் வாடிய மிளகாய்க்கு உடனடித் தேவை மண்வெட்டியும் வடிகால் வாய்க்காலும்தான்.

கடைசியாக அடிமண் இறுக்கம். செம்மண் நிலங்களில் ஒரே ஆழத்தில் வருஷா வருஷம் உழுவதாலும், ஈர நிலத்தில் டிராக்டர் ஓட்டுவதாலும், 15 முதல் 20 சென்டிமீட்டருக்குக் கீழே ஒரு கெட்டிப் படுகை உருவாகிவிடும். ஒரு கத்திரித் தோட்டத்தில் தினமும் தண்ணீர் விட்டும் செடி மதியமானால் துவண்டது. ஓரமாகக் குழி வெட்டிப் பார்த்தோம். ஆணிவேர் ஒரு சாண் நேராக இறங்கி, அங்கிருந்து தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தது. மடங்கிய இடம் பென்சில் தடிமனுக்குத் தட்டையாகிப் பழுப்பேறிக் கிடந்தது. அந்தப் படுகைக்குக் கீழே பிடித்தால் உருண்டையாகிற அளவு ஈரம்! செடிக்கு எட்டாத சொத்து.

உங்கள் நிலத்தில் இப்படி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவு எதுவும் இல்லை. நல்ல மழை பெய்த மறுநாள் விரல் தடிமனுக்குக் குறைவான இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். சுலபமாக இறங்கி ஓரிடத்தில் சட்டென்று முட்டினால், பல இடங்களிலும் அதே ஆழத்தில் முட்டினால், அது படுகை. கல் என்றால் இடத்துக்கு இடம் மாறும். படுகைதான் என்று உறுதியானால் கோடையில், நிலம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் படுகை நொறுங்காது, கத்தியால் கீறின கோடு மாதிரி விழுந்து மூடிக்கொள்ளும். ஹெக்டேருக்கு பன்னிரண்டரை டன் தொழு உரமோ மட்கிய தென்னை நார்க்கழிவோ போட்டு உழுதுவிட்டால், மூன்று வருஷத்துக்கு மறுபடி உளிக்கலப்பை தேவைப்படாது.

வணக்கம்.