நாகஸ்வரம்: பேரும் மரமும்
(இசை விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் அதிகாரிகளே, உற்சவ வேலைகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அறங்காவலர் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாயன, தவில் வித்வான்களே, தாய்மார்களே, வணக்கம். சற்று முன் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்துச் சபையை நிறைத்த வித்வான்களுக்கு என் தனி வணக்கம். பந்தலும் பாயும் ஏற்பாடு செய்த இளைஞர்களையும் மறக்கக் கூடாது.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பேர் எப்படி வந்தது, கருவி எப்படி உருவாகிறது, அதற்கான மரம் எங்கே போகிறது. இதையெல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும்.

கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரம் என்று அச்சடிக்கிறோம். வித்வான்கள் பலர் நாகஸ்வரம் என்கிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் நாகசுரம் என்றும் பெருவங்கியம் என்றும் எழுதுகிறார்கள். ஊரில் கேட்டால் நாயனம். முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர்த் தியாகராஜர் மீது ஸ்ரீராகத்தில் பாடிய ‘த்யாகராஜ மஹாத்வஜாரோஹ’ கிருதியில் ‘நாகஸ்வர’ என்றே வருகிறது. தீட்சிதர் மறைந்தது 1835-இல். ஆகவே ‘நாக’ என்ற வடிவம் பழையது. நாதம் தருவதால் நாதஸ்வரம் என்று பொருள் சொல்வது அழகுதான். பழமைக்கு அது சான்றாகாது.

சரி, நாகம் எங்கிருந்து வந்தது? நீண்ட குழல் பாம்பு போல இருப்பதால் என்பார்கள். நாகர் என்ற இனத்தார் வாசித்ததால் என்பார்கள். நாகப்பட்டினத்தோடு முடிச்சுப் போடுவாரும் உண்டு. தெலுங்கில் பாம்பாட்டியின் மகுடிக்கும் நாகஸ்வரம் என்றே பேர். பாம்புக் கதை பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இவற்றில் எதற்கும் கல்வெட்டுப் போல உறுதியான ஆதாரம் கிடையாது. நாகஸ்வரம் என்று எழுதுங்கள், நாயனம் என்று பேசுங்கள் என்பது என் கட்சி.

ஆனால் நாகஸ்வரத்தில் திமிரி, பாரி என்று இரு வகை உண்டே, அந்தப் பேர்களின் பின்னால் இருப்பது நாம் அறிந்த மனிதர்களின் உழைப்பு. திமிரி குட்டையானது, சுருதி நாலு, ஐந்து கட்டையில் நிற்கும். தெருவில் சுவாமி புறப்பாட்டுக்கு அந்த உச்சஸ்தாயி வேண்டும். நாலு வீதிக்கும் கேட்க வேண்டுமே. மேடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் தோடி ராகத்தை விரிக்க நினைத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவருக்கு அந்த உச்சச் சுருதி ஒத்துவரவில்லை. இன்னொரு குறையும் இருந்தது. திமிரியில் சுத்த மத்யமம், அதாவது ‘ம’ ஸ்வரத்தின் தாழ்ந்த வகை, தானாகப் பேசாது. விரலை வைத்துவிட்டு, மூச்சை அடக்கி, உதட்டால் இறக்கித்தான் அதைக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் அழுத்தி ஊதினால் உயர்ந்த வகையான பிரதி மத்யமத்தின் பக்கம் ஏறிவிடும். தோடிக்கு சுத்த மத்யமம் உயிர். பிள்ளைவாள் நாயனம் கடையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் போனார். குழலை நீட்டினால் சுருதி இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நீட்டிய மாத்திரத்தில் மற்றதெல்லாம் கெடும் என்பது ஆசாரிக்குத்தான் தெரியும். துளைகள் ஒன்றுக்கொன்று விலகும், விரல் எட்டாது. விரலுக்காகத் துளையை நெருக்கினால் ஸ்வரம் தப்பும். உள்துவாரத்தின் சரிவு மாறினால் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் சேராது. கடைந்து, ஊதச் சொல்லிக் கேட்டு, திரும்பக் கடைந்து, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் நீண்ட பாரியை அவர் கொடுத்தார். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி. இன்று கச்சேரி மேடைகளில் நாம் கேட்பது அந்த வழியில் வந்த நாதம். ஊதுகிற சங்கை ஊதி வைத்தார்கள் இருவரும், விடிந்தது நமக்கு.

அந்த உலவு, அதாவது கருவியின் நீண்ட குழல், எதில் ஆனது? ஆச்சா மரத்தில். பச்சை ஆச்சா உதவாது. ஈரம் உலர உலர மரம் முறுக்கும், வெடிக்கும், துளை கோணும். எழுபது எண்பது வருஷம் விட்டமாகவும் தூணாகவும் வீட்டுக்குள் நின்று உலர்ந்த மரமே வேண்டும். அதைச் சதுரமாகச் செதுக்கிப் பட்டறையில் உருட்டிக் கடைந்து, தமர் என்ற துளைக்கருவியால் உள்ளே துளை போடுவார்கள். மேலே ஒடுக்கம், கீழே அகலம். விரல் படுவது ஏழு துளை. அவற்றுக்குக் கீழே விரல் படாத ஐந்து துளைகள், பிரம்மஸ்வரம். அவற்றை மெழுகால் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். அடியில் பொருத்தும் விரிந்த வாய்ப்பகுதியான அணசு வாகை மரம். வாயில் வைத்து ஊதும் சீவாளி, கொறுக்கை என்ற நாணல் தட்டையில் ஆவது. சீவாளியின் உதடு தடித்தால் மேல்ஸ்தாயி பேசாது, மெலிந்தால் கீச்சிடும். சீவாளியைக் குழலோடு இணைக்கும் கெண்டையில் சுற்றிய நூல் தளர்ந்தால் காற்றுக் கசிந்து ஸ்வரம் உடையும்.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் குறியீட்டைக் கடைந்து குழலாக்க முடியாது, மரம் வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் பழைய வீடுகள் இடிபடுகின்றன. ஆச்சா விட்டங்கள் மரக்கடைக்கும் சூளைக்கும் போகின்றன. நான் போகிற மேடையெல்லாம் கேட்பது இதைத்தான். வீடு இடிப்பவர்களே, மண்டபம் பிரிக்கும் அறங்காவலர்களே, மரத்தை விலை பேசும் முன் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். பாரி இரண்டரை அடிக் கருவி. விட்டத்தை அதற்குக் குறைவாகத் துண்டு போட்டுவிடாதீர்கள். ஆணி இருந்தால் அவர்களே பிடுங்கட்டும், கடப்பாரை போட்டு நெம்பினால் மரம் உள்ளே பிளந்துவிடும். மழையில் போட்டுவைக்காதீர்கள். இலவசமாகக் கேட்கவில்லை, நியாயமான விலைக்கு அவர்களுக்கு முதல் உரிமை கொடுங்கள். அதிகாரிகள் இங்கே இருக்கிறார்கள்; கோயில் திருப்பணிகளில் கழிக்கும் ஆச்சாவை ஏலத்துக்கு முன் தனியே எடுத்துவைக்க ஓர் உத்தரவு போட்டால் போதும். மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் அனுமதித்தால் இப்போதே கையெழுத்து வாங்கத் தொடங்கலாம். வணக்கம்.