ஆறாம் விரலை எழுதும் இடம்

வேலூர் பெருமக்களே, வணக்கம். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் பிற்பகுதியில் நிமிர்த்தத் தொடங்கியது இந்த ஊரில்தான். பிறக்கும்போதே கை மாறி அமைவதைப் பற்றி இங்கே பேசுவதில் எனக்கு மகிழ்ச்சி.

கருவின் நான்காம் வாரக் கடைசியில் கை மொட்டு விடுகிறது. எட்டாம் வாரத்துக்குள் விரல்கள் பிரிகின்றன. அப்போது மொட்டின் சுண்டுவிரல் பக்கம் மட்டும் ‘சானிக் ஹெட்ஜ்ஹாக்’ மரபணு இயங்க வேண்டும். அதை இயக்கும் ஸ்விட்ச் பக்கத்தில் இல்லை. ஏழாம் குரோமோசோமில் ஏறக்குறைய 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் கிடக்கிறது. இசட்.ஆர்.எஸ். என்பது அதன் பெயர். அதில் ஓர் எழுத்து பிசகினாலே கட்டைவிரல் பக்கமும் மரபணு விழித்துக்கொள்ளலாம். ஆறாவது விரல் முளைக்கும். அல்லது கட்டைவிரலில் இரண்டுக்குப் பதில் மூன்று எலும்பு இருக்கும். மரபணுவிலோ அது தரும் புரதத்திலோ ஒரு குறையும் இராது!

சில குழந்தைகளுக்குத் தோலும் கையும் சேர்ந்து பாதிக்கப்படுவது ஏன்? மொட்டின் நுனியில் மேல்தோல் தடித்து நின்றால்தான் கை நீளும். அந்தத் தடிப்பையும் மேல்தோலையும் காப்பது பி63 புரதம். பல மரபணுக்களை இயக்குவதும் அடக்குவதும் அதுவே. டி.என்.ஏ.வைப் பற்றும் இடத்தில் அது பழுதானால் நடுவிரலற்ற பிளவுக்கை, மெல்லிய முடி, பல் குறைவு, உதட்டுப் பிளவு எல்லாம் ஒரே குழந்தையிடம் வரக்கூடும். இந்தத் தொகுப்பை இ.இ.சி. என்பார்கள். வியர்வையும் குறைந்த குழந்தைக்கு நம் ஊர் மே மாத வெயில் ஆபத்து. வெயில் சூட்டால் உடம்பு கொதித்தால் பாராசிட்டமால் தணிக்காது. ஈரத்துணி சுற்றி, விசிறி, நிழலில் வையுங்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி பரிசோதனை. எக்ஸோம் பரிசோதனை புரதம் தரும் பகுதிகளைத்தான் படிக்கும்; அது மொத்த டி.என்.ஏ.வில் 2 சதவீதம் அளவுக்குத்தான். பி63 பிழை பெரும்பாலும் அதில் சிக்கும், இசட்.ஆர்.எஸ். பெரும்பாலும் சிக்காது. கட்டைவிரல் பக்கம் ஆறாம் விரல் இருந்து ரிப்போர்ட் ‘இயல்பு’ என்று வந்தால், இசட்.ஆர்.எஸ். பகுதியைத் தனியே படிக்கக் கேளுங்கள்; அது இரட்டித்திருக்கிறதா என்று பார்க்க, டி.என்.ஏ. துண்டுகளின் கூடுதல் குறைவைக் காட்டும் மைக்ரோஅரே பரிசோதனையும் கேளுங்கள். பெற்றோர் கட்டைவிரலையும் எக்ஸ்ரே எடுங்கள். வெளியே தெரியாத மூன்றாம் எலும்பு அதில் அகப்படும்.

கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று தாயைக் குறை சொல்வதை நிறுத்துங்கள், அது கொடுமை. இசட்.ஆர்.எஸ். பிழை, பி63 பிழை இவ்விரண்டும் சொந்தத்தில் கட்டியதாலும் வருவதில்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிழை வந்துசேர 50 சதவீத வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவருக்கும் பிழை இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. பிழை எந்த எழுத்தில் என்று முன்பே தெரிந்திருந்தால், 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் மாதிரி எடுத்துப் பார்க்கலாம். ஆகவே முதல் பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.