நல்ல துரை

(மூணாறு பக்கத்து வாசகசாலை ஒன்றில் பேசியது. கொஞ்சம் சுருக்கி எழுதியிருக்கிறேன்.)

வணக்கம். தேயிலைக் கொழுந்து எடுத்த களைப்போடு, மழையிலும் வந்திருக்கிற அக்காமார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன்.

தலைப்பு 'அதிகாரமும் ஆதிக்கமும்'. இரண்டையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். குறளின் பிரிவுக்கும் அதிகாரம் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதிகாரம் என்றாலே மனப்பாடம் செய்ய வேண்டியது என்று நினைத்திருந்தேன். அது முழுக்கத் தப்பும் இல்லை.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1957இல் ஒரு விளக்கம் சொன்னார். நான் தானாகச் செய்யாத ஒன்றை நீங்கள் என்னைச் செய்ய வைத்தால், அந்த அளவுக்கு உங்களுக்கு என்மேல் அதிகாரம் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு யாராவது தானாகப் போவார்களா? அவ்வளவுதான் டால்.

1962இல் பக்ராக், பராட்ஸ் என்ற இருவர் வந்து, இது பாதிதான் என்றார்கள். மேசைமேல் நடக்கிற சண்டையில் யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்க்காதே, எது மேசைக்கே வராமல் தடுக்கப்பட்டது என்று பார் என்றார்கள். என் சின்ன வயதில் தொழிற்சங்க வாயிற்கூட்டங்களில் கூலியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், போனஸைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். வீடு யாருடையது என்று ஒருவர் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

1974இல் ஸ்டீவன் லூக்ஸ் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். குறை இருப்பதே ஆளுக்குத் தோன்றாதபடி செய்துவிடுவதுதான் அதிகாரத்தின் பெரிய வேலை என்றார். 'நம்ம தலையெழுத்து' என்கிறோமே, அது. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. மலேசியாவின் கெடாவில் ஒரு நெல் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட், ஏழைகள் அப்படியொன்றும் ஏமாந்துவிடுவதில்லை என்கிறார். முதலாளி முன்னால் ஒரு பேச்சு, முதுகுக்குப் பின்னால் வேறு பேச்சு. நான் ஸ்காட் பக்கம். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அடுப்படியில், தோட்டத்தை நடத்துகிற துரைகளுக்கு வைத்த பட்டப்பெயர்களைக் கேட்டவன் வேறு எப்படி நினைப்பான்? அவற்றை மேடையில் சொல்ல முடியாது. (முன்வரிசையில் சிரிப்பு.)

சரி, தலைப்பில் இருக்கிற இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். அதற்காகத்தான் வந்தேன்.

எங்கள் டிவிஷனில் ஒரு நல்ல துரை இருந்தார். நிஜமாகவே நல்லவர். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னதும் லீவு கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பும் கொடுத்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் அதே காரணத்துக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டவர். ஆனால் இரண்டு பேர் காலத்திலும் அம்மா செய்தது ஒன்றுதான். வளைவில் துரையின் பைக் சத்தம் கேட்டதும் இடுப்பில் சுற்றிய படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு பாதையை விட்டு இறங்கி நிற்பார். சத்தத்தை வைத்தே இன்றைக்கு அவர் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அயர்லாந்துத் தத்துவ அறிஞர் பிலிப் பெட்டிட் 1997இல் எழுதியது எனக்கு அம்மாவைப் பற்றி எழுதியது போலவே இருந்தது. எஜமான் அடிக்கவே இல்லை, திட்டவே இல்லை. அப்போது அடிமை சுதந்திரமானவனா என்று அவர் கேட்கிறார். இல்லை என்பது அவர் பதில். அடிப்பதும் விடுவதும் எஜமானின் விருப்பத்தில் இருக்கிறவரை அது ஆதிக்கம்தான். அடி விழுந்ததா என்பது இங்கே கணக்கே இல்லை. ஆதிக்கம் இல்லாத இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பயமில்லாமல் நேருக்கு நேர் பார்க்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். வழியில் வேலோடு நிற்கிற கொள்ளையன் 'கொடு' என்பதும், கோலோடு நிற்கிற அரசன் கேட்பதும் ஒன்றுதான் என்று வள்ளுவர் சொன்னார். அந்தக் கோலை வைத்திருப்பவன் கேட்கவே இல்லை, மாறாகக் கொடுக்கிறான் என்றால்? அங்கிருந்துதான் பெட்டிட் தொடங்குகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேருக்கு நேர் பார்த்த நாட்களும் இந்த ஊரில் உண்டு. 2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண் தொழிலாளர்கள் நடத்திய 'பெம்பிளை ஒருமை' போராட்டம். 20 சதவீதமாக இருந்த போனஸைக் கம்பெனி 10 ஆக்கியதும் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாள். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து அதே 20 சதவீதம் வந்தது. 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 301 ஆக்க அக்டோபரில் ஒப்புக்கொண்டார்கள். மனிதர்கள் கூடும்போது பிறப்பதுதான் அதிகாரம், கலைந்தால் அது போய்விடும், துப்பாக்கியில் இருப்பது வேறு என்றார் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட். அந்த ஒன்பது நாளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பத்தாம் நாள் எல்லாரும் எங்கே திரும்பிப் போனார்கள்? லயத்துக்கு. தோட்டத் தொழிலாளர்களுக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துப் பதிவில் பேர் போனால் கூரையும் போகும். முப்பது வருஷம் சாணி மெழுகி, சுண்ணாம்பு அடித்து, முற்றத்தில் செவ்வந்தி வைத்து வளர்த்தாலும் அது குவார்ட்டர்ஸ்தான்.

அம்மா ரிட்டயர் ஆன வருஷம் என் தம்பி போடியில் டிப்ளமா முடித்திருந்தான். கோயம்புத்தூரில் வேலை பார்த்து வைத்திருந்தான். குடும்பத்தில் ஒருவர் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்தால் வீட்டில் தொடரலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், உட்காரச் சொல்லி டீ கூடக் கொடுத்தார்கள். தம்பி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. டால் வந்து பார்த்தால் இங்கே அதிகாரம் எங்கே என்று தேடுவார்.

இன்றைக்கும் காலையில் அவன் பெரட்டுக் களத்தில் நிற்கிறான். டிப்ளமா சான்றிதழ் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அதே வீட்டில்.