காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரிக் காட்டோரம் வீசப்படும் மதுபாட்டில் உடைந்தால், அந்தச் சில்லை மிதிப்பது பெரும்பாலும் வீசியவர் அல்லர், யானையும் காட்டுமாடும்தான். யானையின் உள்ளங்கால் பார்வைக்குத்தான் முரடு, உள்ளே மெத்தை போன்றிருக்கும். அதில் ஏறிய கண்ணாடியை யார் போய் எடுப்பது? புண் புரையோடினால் யானையால் நடக்க முடியாது; நடக்காத யானைக்குத் தீனி இல்லை.

இந்தக் கொடுமையைச் சென்னை உயர் நீதிமன்றம் கையில் எடுத்தது. அதன் பயனாக 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. விற்கும்போது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலை ஒப்படைத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். பத்தில் ஒன்பது பாட்டிலுக்கு மேல் திரும்பி வந்ததாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. எத்தனையோ அறிவிப்புப் பலகைகளால் ஆகாததைப் பத்து ரூபாய் செய்துவிட்டது! பின்னர் கோவை, பெரம்பலூர் என்று திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது.

ஆனால் கடைக்குள் நிற்பவரை நாம் நினைக்க வேண்டும். காலி பாட்டிலை வாங்கி, விற்றபோது ஒட்டிய ஸ்டிக்கரைச் சரிபார்த்து, பணம் கொடுத்து, சாக்கில் கட்டி அடுக்குவது விற்பனையாளரின் தலையில் விழுகிறது. பல கடைகளில் புதுச் சரக்கு வைக்கவே இடம் போதாது. தனி ஆள் வேண்டும், தனி இடம் வேண்டும் என்று ஊழியர்கள் போராடியதில் முழு நியாயம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில், காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் கடைக்கு ஒவ்வொன்றுக்கும் 3.5 சென்ட் கையாளும் கூலி உண்டு. அதைக் கொடுப்பது பானத்தை விநியோகிப்பவர். இங்கும் அப்படியொரு கூலியை மது ஆலைகளிடம் வாங்கி ஊழியரிடம் சேர்க்க வேண்டும். உழைப்பைச் சும்மா வாங்கி நடத்தும் எந்தத் திட்டமும் நாளடைவில் சலிப்பில் தேய்ந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். மதுபாட்டிலோடு ஏன் நிறுத்த வேண்டும்? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1971-இல் இயற்றிய சட்டம் பீரோடு குளிர்பானத்தையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் 25 யூரோ சென்ட் முன்பணம் உண்டு. நம் ஊரிலும் கலர், சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டி வாங்கிப்போன தலைமுறை இன்னும் இருக்கிறது. நம் ஏரிக்கரைகளில் மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் அந்தப் பத்து ரூபாயை அரசு விதிக்கட்டும்.

வணக்கம்.