பத்து நிமிடம் வெளியே இருங்கள்

வணக்கம் நேயர்களே. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர் நான். என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

15 வயதுப் பையன். வழக்கமான உடல்நலப் பரிசோதனைக்கு வந்திருந்தான், பக்கத்தில் அம்மா. "ராத்திரி நல்லாத் தூங்குறியாப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாத் தூங்குவான் டாக்டர்" என்றார் அம்மா. "ஸ்கூல் எப்படிப் போகுது?" என்றேன். "படிக்கத்தான் மாட்டேங்கிறான்." அதுவும் அம்மாதான். மூன்றாவது கேள்வி வந்தபோது பையன் என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். நாற்காலிக் கைப்பிடியில் பிய்ந்திருந்த ரெக்ஸினை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேச்சு வராத நாளிலிருந்து அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி வந்தவர் அவர்தானே. அந்தப் பழக்கம் ஒரு நாளில் போகாது.

பெற்றோர் உள்ளே இருந்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. உயரம், எடை, ரத்த அழுத்தம், பார்வை, குனியச் சொல்லி முதுகெலும்பு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது, பெண்பிள்ளை என்றால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்பது எல்லாம் பரிசோதனையில் வரும். அப்போது குடும்பத்தில் யாருக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தது, யாருக்குச் சர்க்கரை, யார் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளைகளுக்குப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதையெல்லாம் உங்களோடு உட்கார்ந்துதான் பேசுவேன்.

அப்புறம், "ஒரு பத்து நிமிடம் வெளியே இருங்கள்" என்பேன். அங்கேதான் பல பெற்றோரின் முகம் மாறுகிறது. "எனக்குத் தெரியக் கூடாத அளவுக்கு என்ன இருக்கிறது?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா என்பது. அம்மாவோ அப்பாவோ தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், எந்தப் பிள்ளை அதற்கு உண்மையான பதிலை எழுதும்? 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சாவைப் பற்றி இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல் ஆகிவிடாதா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். ஆகாது. ஒருவர் கேட்டாரே என்று பிள்ளைக்குப் பாரம்தான் இறங்கும்.

புகை, மது, காதல், உடலுறவு பற்றியும் தனியாகத்தான் கேட்பேன். பிள்ளை சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்து, பிறரைத் தாக்கும் எண்ணம், யாராவது பிள்ளையிடம் அத்துமீறுவது என்று தெரிந்தால் மறைக்க மாட்டேன். இதை அம்மா அப்பா இருக்கும்போதே, பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இரண்டு பக்கத்துக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

வீட்டுக்குப் போகிற வழியில் "டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். துருவினால் அடுத்த தடவை எனக்கும் பதில் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். அம்மா வெளியே போய்க் கதவு சாத்தியபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, விடிகாலை மூன்று மணி வரை தூக்கமே வருவதில்லை, இரண்டு மாதமாக இப்படித்தான் என்றான். வகுப்பில் சிலர் செய்யும் கேலியைச் சொன்னான். "அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நானே சொல்றேன், நீங்க கூட இருங்க" என்றான்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டோம். அவன் சொல்லச் சொல்ல, "ஏன்டா எங்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் முடிக்கிற வரை கேட்டார்.